வார்கிராஃப்ட் கிளாசிக்கில் பயண நேரத்தையும் காத்திருப்பையும் திட்டமிடுவது எப்படி

2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டு, 2019 ஆகஸ்டில் அதன் பழைய வடிவிலேயே ‘கிளாசிக்’ என்ற பெயரில் திரும்பி வந்தபோது, பழைய தூரங்களும் அப்படியே திரும்பி வந்தன. காலிம்டோர், கிழக்கு ராஜ்ஜியங்கள் என்னும் இரு கண்டங்களுக்கு இடையே கடல் கிடக்கிறது. 40ஆம் லெவல் (கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படி) வரை பெரும்பாலானோர் கால்நடையாகவே போக வேண்டும். புதிதாக வருபவர்கள் ஒரு மாலைப்பொழுதில் பாதியை நடந்தே கழித்துவிட்டுச் சலித்துப்போவதை அடிக்கடி காண்கிறோம். இந்தத் தூரம் விளையாட்டின் குறை என்று நான் கருதவில்லை. ஊர்கள் ஊர்களாகத் தோன்றுவதற்கு அவற்றுக்கிடையே உள்ள வழிதான் காரணம். ஆனால் ஒரே வேலைக்காக ஒரே வழியில் இருமுறை நடப்பதைத் தவிர்க்கலாம். அதற்கான முறைகளையே இங்கே எழுதுகிறேன்.

எந்தப் புதிய ஊருக்குள் நுழைந்தாலும், குவெஸ்ட் (செய்து முடிக்கத் தரப்படும் பணி) வாங்குவதற்கும் முன்னதாக அங்குள்ள ஃபிளைட் மாஸ்டரிடம், அதாவது பறக்கும் விலங்கில் (சுருக்கமாகப் பறவை) பயணிகளை ஏற்றி அனுப்புபவரிடம், பேசிவிடுங்கள். நீங்கள் நேரில் சென்று பதிந்துகொண்ட நிலையங்களுக்கு மட்டுமே பறவை உங்களை ஏற்றிச் செல்லும். இடையில் ஒரு நிலையம் விட்டுப்போயிருந்தால் அந்த வழியாகச் செல்லும் நீண்ட பயணம் கிடைக்காது. இதை மறந்ததற்கான விலை, பல நாட்கள் கழித்து, அதே ஊருக்கு மறுபடியும் நடக்கும்போதுதான் தெரியவரும்.

அடுத்தது ஹார்த்ஸ்டோன். விடுதிக்காரரிடம் பதிந்துவைத்த ஊருக்கு 10 நொடியில் கொண்டுசேர்க்கும் இந்தக் கல்லை, ஒருமுறை பயன்படுத்திய பின் 60 நிமிடம் கழித்தே மீண்டும் பயன்படுத்த முடியும். பலர் அதைத் தலைநகரில் பதிந்துவைத்துவிட்டு, பை நிறைந்தவுடன் விற்பதற்காக அழுத்திவிடுகிறார்கள். பிறகு குவெஸ்ட் நடக்கும் இடத்துக்குத் திரும்ப முழுத் தூரத்தையும் கடக்க நேர்கிறது. நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான முறை: நீங்கள் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் பகுதியின் விடுதியில் கல்லைப் பதிந்துவையுங்கள், தலைநகருக்குப் பறவையில் செல்லுங்கள், அங்கே வேலையை முடித்துவிட்டுக் கல்லால் திரும்புங்கள். உதாரணமாக, ஹோர்ட், அலையன்ஸ் என்னும் இரு எதிர்த்தரப்புகளில் ஹோர்ட் தரப்பில் பேரன்ஸ் என்னும் பெருவெளியில் விளையாடுபவருக்கு கிராஸ்ரோட்ஸ் ஊரில் விடுதியும் ஃபிளைட் மாஸ்டரும் உண்டு. புதிய திறன்கள் பெரும்பாலும் இரட்டைப்படை லெவல்களில் கிடைப்பதால், ஒவ்வொரு லெவலுக்கும் ஓடாமல் இரண்டு லெவலுக்கு ஒருமுறை ஹோர்ட் தலைநகரான ஆர்கிரிமாருக்குப் பறந்து, திறன் கற்பது, ஏலக்கூடம், வங்கி, தபால் ஆகிய எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துக்கொண்டு கல்லால் கிராஸ்ரோட்ஸுக்கு வந்துவிடலாம். பேரன்ஸுக்குள்ளேயும், ஒரே திசையில் உள்ள நான்கைந்து குவெஸ்ட்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, மிகத் தொலைவான இடத்தில் கடைசி வேலையை முடித்து, அங்கிருந்து கல்லை அழுத்துவதே சிக்கனம்.

கல்லும் பறவையும் உதவாத பயணங்களும் உண்டு. டெல்ட்ராசிலில் பிறந்த, அலையன்ஸ் இனங்களில் ஒன்றான நைட் எல்ஃப் ஒருவர் சுமார் 10ஆம் லெவலில், கிழக்கு ராஜ்ஜியங்களின் ஸ்டார்ம்விண்ட் நகரில் இருக்கும் நண்பர்களோடு சேர விரும்பினால், டார்னாசஸ் நகரின் மாய வாயில் வழியாக ரட்தெரன் கிராமத்துக்கு வந்து, அங்கிருந்து ஆபர்டைனுக்கு ஒரு கப்பலும், ஆபர்டைனிலிருந்து மெனெத்தில் துறைமுகத்துக்கு இன்னொரு கப்பலும் பிடிக்க வேண்டும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. மெனெத்தில் துறைமுகம் அமைந்திருக்கும் வெட்லண்ட்ஸ் 20ஆம் லெவலுக்கு மேற்பட்டவர்களுக்கான சதுப்பு நிலம்; நம்மைவிட லெவல் கூடிய விலங்குகள் நம்மை வெகு தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும் என்பதால், சாலையில் நடந்தாலும் ஓரத்தில் முதலை தெரிந்தால் விலகிச் சுற்றிப் போக வேண்டும். மெனெத்திலின் ஃபிளைட் மாஸ்டரிடம் பதிந்துகொண்டு, கிழக்கே சென்று தெற்கே திரும்பும் சாலையைப் பிடித்து, ஆர்க்குகள் காவல் காக்கும் டன் அல்காஸ் சுரங்கங்களைக் கடந்தால் லாக் மோடான் வரும். அங்குள்ள தெல்சமார் ஊரில் மறுபடியும் பதிந்துகொண்டு, மேற்கே டன் மோரோக் வழியாக அயர்ன்ஃபோர்ஜுக்குள் நுழைந்து, டிங்கர் டவுனில் உள்ள டீப்ரன் டிராம் என்னும் சுரங்க ரயிலில் ஏறினால் ஸ்டார்ம்விண்ட். வழியில் இறந்தாலும் பெரிய இழப்பில்லை; 10ஆம் லெவல் வரை ஆவி வைத்தியரிடம் உயிர்பெற்றாலும் உடல்தளர்ச்சித் தண்டனை கிடையாது. ஆனால் 2023 ஆகஸ்டில் தொடங்கிய ஹார்ட்கோர் சர்வர்களில் ஒருமுறை இறந்தால் அந்தக் கதாபாத்திரத்தின் ஆட்டமே முடிந்துவிடும்; அங்கே இந்தப் பயணத்தைத் துணையின்றித் தொடங்காதீர்கள்.

துணை என்றவுடன் பிற வகுப்பினரின் (வேறு திறன்கள் கொண்ட கதாபாத்திரங்களின்) உதவியையும் நினைவில் கொள்ள வேண்டும். மேஜ் என்னும் மந்திரவாதி 20ஆம் லெவலில் தான் மட்டும் தலைநகருக்குத் தாவவும், 40இல் குழுவினருக்கும் மாய வாயில் திறக்கவும் கற்கிறார். வாயிலுக்குத் தேவையான ரூன் என்னும் மந்திரப் பொருளை அவர் தன் காசில் வாங்குகிறார். ஆகவே, அவர் கேட்காவிட்டாலும் அந்தச் செலவுக்கு மேல் சிறிது சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. 40இல் கிடைக்கும் மவுண்ட் என்னும் சவாரி விலங்கு 60 சதவீதமும், 60இல் கிடைப்பது 100 சதவீதமும் வேகம் கூட்டும். முன்னதற்குச் சுமார் 100 பொற்காசு தேவைப்படும் என்பதால், 30ஆம் லெவலிலிருந்தே அநாவசிய ஆயுதங்களை வாங்காமல் சேமித்து வாருங்கள்.

கப்பல் துறையில் சில நிமிடம் நிற்க நேர்ந்தால் தூண்டிலை எடுங்கள். மீன்பிடித் திறன் இப்படித்தான் சிரமமின்றி உயரும். பையிலிருக்கும் துணியைக் கட்டுத்துணியாக மாற்றி முதலுதவித் திறனையும் அங்கேயே ஏற்றலாம். ஆனால் கப்பல் கண்ணில் பட்டவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மேடை நுனிக்கு வந்துவிடுங்கள். அது யாருக்காகவும் தாமதிக்காது. பறவை மீதிருக்கும்போது இவை எதையும் செய்ய முடியாது, நடுவழியில் இறங்கவும் முடியாது. அந்த நிமிடங்களில் குவெஸ்ட் பட்டியலைப் படித்து, அடுத்துச் செல்லும் வரிசையை வரைபடத்தில் முடிவு செய்துகொள்ளலாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவரவும் அதுவே தக்க நேரம்.

பிறரைக் காக்கவைக்கும் காத்திருப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். பழைய வடிவில் டஞ்சனுக்கு (குழுவாகச் சென்று எதிரிகளோடு போரிடும் தனி இடத்துக்கு) தானாக ஆள் சேர்த்து உள்ளே அனுப்பும் வசதியும் இல்லை, டஞ்சன் வாசலில் உள்ள கல்லால் ஆளை வரவழைக்கவும் முடியாது. அலையன்ஸ் தரப்பினர் ஐவர் ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்னும் டஞ்சனுக்குச் செல்வதென்றால், எதிர்த்தரப்பின் நிலமான டிரிஸ்ஃபாலுக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டும். குழுவில் வார்லாக் (ஆட்களை வரவழைக்கும் மந்திரம் தெரிந்த வகுப்பினர்) இருந்தால் அவரும் வேறு இருவரும் முதலில் கிளம்பட்டும். அந்த மூவரும் வாசலை அடைந்தபின், ஒருவருக்கு ஒரு சோல் ஷார்ட் (அந்த மந்திரத்துக்குச் செலவாகும் பொருள்) என்ற கணக்கில் மற்ற இருவரையும் வரவழைத்துவிடலாம். அதற்குள் அந்த இருவர் எல்லோருக்கும் தேவையான மருந்து, உணவு ஆகியவற்றை ஊரில் வாங்கி வைக்க வேண்டும். குழுவில் சேர ஒப்புக்கொள்வதற்கு முன்பே, தான் எங்கே இருக்கிறேன், வந்துசேர எத்தனை நிமிடம் ஆகும் என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். “இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் நால்வரை நிற்கவைப்பவரை அடுத்த முறை யாரும் அழைப்பதில்லை.

கடைசியாக, விளையாடாத நேரத்தின் கணக்கு ஒன்று உண்டு. விடுதியிலோ தலைநகரிலோ இருந்தபடி ஆட்டத்தை விட்டு வெளியேறினால், ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் ஒரு லெவலில் 5 சதவீத அளவுக்கு ஓய்வுப் பலன் சேரும். அது தீரும்வரை எதிரிகளை வீழ்த்துவதால் வரும், லெவலை உயர்த்தும் அனுபவப் புள்ளி இரட்டிப்பாகக் கிடைக்கும். காட்டில் வெளியேறினால் இதே பலன் கால் பங்கு வேகத்தில்தான் சேரும். 10 நாளில் அது ஒன்றரை லெவல் என்னும் உச்சத்தைத் தொட்டுவிடும் என்பதால், இரண்டு கதாபாத்திரங்களை மாற்றி மாற்றி ஆடுபவருக்கு ஒன்றின் காத்திருப்பு மற்றொன்றின் ஆட்ட நேரத்தில் கழிந்துவிடுகிறது. ஆகவே நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஹார்த்ஸ்டோன் தயாராக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அருகிலுள்ள ஊரை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். வெளியிடத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேற 20 நொடி நிற்க வேண்டும். விடுதிக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் காத்திருப்பும் இல்லை.