குழந்தைங்களுக்கு சின்ன சின்ன வாக்கியம் எழுத சொல்லிக்கொடுக்குறது எப்படி?

எழுத்துக்கூட்டி நல்லா வாசிக்கிற பிள்ளை கூட "ஒரு வாக்கியம் எழுது"ன்னு சொன்னா பென்சிலை கடிச்சிட்டு உக்காந்திருக்கும். எழுத்து தெரியாம இல்லீங்க, நாம பேசுறது "நாய் ஓடுச்சு", எழுதுறது "நாய் ஓடியது", அந்த இடத்துலதான் சிக்குது. அதனால 247 எழுத்தும் முடியட்டும்னு காத்திருக்க வேணாம், தெரிஞ்ச எழுத்துல வர்ற சொற்களை வச்சே ஆரம்பிச்சிடலாம்.

ஸ்டெப் 1: வினைச்சொல்லே வேணாம்

"இது பந்து." "அது மரம்." "இது என் பை." தமிழ்ல ரெண்டு சொல் போதும், முழு வாக்கியம் ஆயிடும். வீட்டுல கைக்கு கிடைக்கிற பொருளை எல்லாம் காட்டி இப்படி எழுத விடுங்க. சொல்லுக்கு நடுவுல ஒரு விரல் இடம், கடைசியில முற்றுப்புள்ளி, இந்த ரெண்டு பழக்கமும் இங்கேயே வரணும்.

ஸ்டெப் 2: யாரு? என்ன பண்ணாங்க?

இதுல அவசரப்படாதீங்க. முதல்ல வாயால சொல்லட்டும். "தம்பி என்ன பண்ணான்?" "ஓடுனான்." சரி, அதையே எழுதும்போது "தம்பி ஓடினான்"னு நீங்க ஒருதரம் சொல்லிக்காட்டுங்க, பிள்ளை திருப்பி சொல்லிட்டு அப்புறம் எழுதட்டும். அப்புறம் ஆளை மட்டும் மாத்துங்க: தங்கை ஓடினாள், அப்பா ஓடினார், நாய் ஓடியது, நான் ஓடினேன், நாங்கள் ஓடினோம். முடிவு தானா மாறுறத பிள்ளை காதுலயே பிடிச்சிடும், எழுவாய் பயனிலைன்னு இலக்கணப் பேரு எதுவும் இப்போ தேவையில்ல (எனக்கு கேட்டா ரெண்டு வருஷம் கழிச்சு சொன்னா கூட போதும்). "அம்மா வந்தாங்க"ன்னு எழுதிட்டு வந்தா தப்புன்னு அடிக்காதீங்க, பேசும்போது அப்படி சொல்லுவோம், எழுதும்போது "அம்மா வந்தார்"னு எழுதுவோம்னு சொன்னா புரிஞ்சிக்கும்.

ஸ்டெப் 3: நடுவுல ஒரு சொல்

"அக்கா வரைந்தாள்." என்ன வரைந்தாள்? "அக்கா படம் வரைந்தாள்." அவ்ளோதான், மூணு சொல் வாக்கியம் ரெடி. இங்க ஒரு சின்ன தந்திரம் இருக்கு, "பந்தைப் பிடித்தான்" மாதிரி ஒற்று வர்ற வாக்கியத்தை ஆரம்பத்துல குடுக்காம "பந்தை எடுத்தான்", "பந்தை வீசினான்"னு குடுங்க, க ச த ப-வுல தொடங்குற வினையை தவிர்த்துட்டா அந்த தலைவலி இப்போதைக்கு வராது.

ஸ்டெப் 4: சீட்டு விளையாட்டு

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி சீட்டுல எழுதி கலைச்சி போடுங்க, பிள்ளை வரிசையா அடுக்கட்டும். வினைச்சொல் கடைசியில வந்தா போதும். முன்னாடி இருக்குற சொல் ரெண்டும் இடம் மாறிட்டா கூட தமிழ்ல பெரும்பாலும் அர்த்தம் கெடாது, அதனால உடனே தப்புன்னு சொல்லிடாதீங்க.

ஸ்டெப் 5: திருத்துறது

பலரும் சொதப்புறது இங்கதான். ஒரே வாக்கியத்துல ல ள ழ, ன ண, ர ற எல்லாத்தையும் சிவப்பு பேனாவால வட்டம் போட்டா அடுத்த நாள் நோட்டையே எடுக்காது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் மட்டும் பாருங்க, இன்னைக்கு சொல் இடைவெளின்னா அது மட்டும்தான், எழுத்துப்பிழையை அன்னைக்கு கண்டுக்காதீங்க. பிழையான சொல்லை அழிக்காம பக்கத்துல சரியா எழுதிக்காட்டுங்க, பிள்ளை ரெண்டையும் பாத்து எந்த எழுத்து மாறியிருக்குன்னு அதுவே சொல்லட்டும்.