செக்கெண்ணெய்க் கடையின் விளம்பரத்தைச் சீர்செய்த என் அனுபவம்

ஈரோட்டில் மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கும் எங்கள் கடைக்காகத் தேடுபொறி விளம்பரத்தில் நாளொன்றுக்கு 200 ரூபாய் செலவிட்டும், கிளிக்குகள் வந்தனவே தவிர ஆர்டர்கள் வரவில்லை. தொகையை உயர்த்துவதற்கு முன்பு, எதைத் தேடியவர்கள் நம் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காட்டும் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். ‘செக்கு மெஷின் விலை’, ‘எண்ணெய் ஆட்டுவது எப்படி’, ‘ஆயில் மில் வேலை’ என்று தேடியவர்களின் கிளிக்குகளுக்கே பெரும்பகுதிப் பணம் போயிருந்ததைப் பார்த்தபோது மனம் வலித்தது. மெஷின், எப்படி, வேலை ஆகியவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்தேன்; அந்தச் சொற்களோடு தேடுபவர்களுக்கு விளம்பரம் காட்டப்படாது. விளம்பரம் எந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்று குறிக்கும் இட அமைப்பில், ஈரோட்டின்மீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்திருந்ததால், ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினேன். லிட்டர் விலையையும் விளம்பரத்திலேயே எழுதினேன்; விலை ஒத்துவராதவர்கள் கிளிக் செய்வதில்லை. அதே 200 ரூபாயில் இப்போது ஆர்டர்கள் வருகின்றன. திங்கட்கிழமைதோறும் அந்த அறிக்கையைத் தவறாமல் படிக்கிறேன்.