வயதான பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெள்ளுப்பூச்சி மருந்து விஷயத்தில் பூனையின் உயிரையே பறிக்கக்கூடிய பெரிய தவறு நாய் மருந்தைப் பூனைக்குப் போடுவதுதான். கடையில் "உண்ணி மருந்து இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால், எந்தப் பிராணிக்கு என்று விசாரிக்காமலே எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. அலமாரியில் இருப்பதும் பெரும்பாலும் நாய் மருந்தாகவே இருக்கும்.

நாய்க்கான சொட்டு மருந்துகள், ஷாம்பூக்கள், பவுடர்கள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் இதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்குத் தேவையான ஒரு நொதியின் வேலை மிகக் குறைவு. (பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாவதற்கும் அதே குறைதான் காரணம்.) மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. 45 சதவீதப் பெர்மெத்ரின் உள்ள சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரை 4.5 கிலோ பூனையின் தோலில் விட்டால், எடைக் கணக்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. உயிருக்கு ஆபத்து வர அதுவே போதும். பெரிய நாய்க்கான குப்பியில் இதைப் போல் சில மடங்கு இருக்கும். அதனால் "கால்வாசிதான் விட்டேன்" என்பதில் ஆறுதல் இல்லை.

பெயரும் ஏமாற்றும். அட்வான்டேஜ் பூனைக்கும் வருகிறது, அதில் இமிடாக்ளோப்ரிட் மட்டும்தான். அட்வான்டிக்ஸில் அதனோடு பெர்மெத்ரினும் உண்டு, அது நாய்க்கு மட்டும். ஃபிரன்ட்லைன் வரிசையிலும் இதே சிக்கல்: பூனைக்கான ஃபிரன்ட்லைன் பிளஸ்ஸில் பெர்மெத்ரின் இல்லை, நாய்க்கான டிரை-ஆக்ட்டில் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் ஆகியவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து அடிக்கிற மருந்துகளும் இந்தக் கூட்டம்தான். 'மெத்ரின்' என்று முடிகிற எல்லாமே விலக்கு என்று ஒரே வரியில் சொல்லிவிட ஆசைதான். ஆனால் பூனைக்கென்றே தயாராகும் செரெஸ்டோ கழுத்துப்பட்டையில் ஃப்ளுமெத்ரின் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் அளவில். ஆகவே பட்டியலைப் படிப்பதோடு, 'பூனைக்கு' என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும்.

நாயும் பூனையும் சேர்ந்து வளரும் வீட்டில் மருந்தைப் பூனைக்குப் போடாமலே ஆபத்து வரலாம். நாயின் முதுகில் விட்ட மருந்தைப் பூனை நக்கினாலோ, நாயின்மேல் சாய்ந்து தூங்கினாலோ போதும். மூன்று நாளாவது இரண்டையும் பிரித்து வையுங்கள். அது முடியாத வீடு என்றால் நாய்க்கும் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குவது நல்லது.

நஞ்சு ஏறினால் காது, முகத் தசைகள் துடிக்கும். உடம்பு நடுங்கும், நடை தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். சில மணி நேரத்தில் தொடங்கலாம், மூன்று நாள் வரை தாமதிக்கவும் செய்யலாம். மருந்து பட்டது தெரிந்து, பூனை நிதானமாக இருந்தால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவித் துவட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாக உள்ளே போகும். பச்சைத் தண்ணீரும் வேண்டாம், குளிர்ந்தால் நடுக்கம் அதிகமாகும். ஏற்கெனவே துடிப்பு வந்துவிட்டதா, கழுவிக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள். மருந்துப் பெட்டியை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் நடுக்கத்தை அடக்கி, சலைன் ஏற்றி, உடல் சூட்டைக் கவனித்துக்கொண்டால் நேரத்தோடு வந்த பூனைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது எந்த வயதுப் பூனைக்கும் பொருந்தும். 10 வயதைத் தாண்டியதற்கு மட்டும் உள்ள சிக்கல்களில் முதலாவது எடை. போன வருடம் 4 கிலோ என்று மருத்துவச் சீட்டில் இருப்பதை வைத்து இந்த வருடம் மருந்து வாங்குகிறோம். தைராய்டு மிகைப்பாடு, சிறுநீரகக் கோளாறு, பல் வலி என்று வயதான பூனை இளைப்பதற்குக் காரணங்கள் பல. ரோமம் மூடியிருப்பதால் அந்த இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. செலமெக்டின் சொட்டு மருந்தில் 2.6 முதல் 7.5 கிலோ வரை ஒரு குப்பி, அதற்குக் கீழே வேறு சின்னக் குப்பி. ஃப்ளுராலனெர் என்ற இன்னொரு சொட்டு மருந்தில் 2.8 கிலோவில் அளவு மாறுகிறது. எலும்பும் தோலுமான கிழப்பூனை இந்தக் கோடுகளை ஒட்டித்தான் நிற்கும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். எடை கோட்டருகே வந்தால் மருத்துவமனைத் தராசில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். எதிர்பாராமல் எடை குறைந்திருந்தால், தெள்ளுப்பூச்சியை விட அதுதான் அவசரம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: "வயசான ஜீவன், மருந்தெல்லாம் தாங்காது" என்று விட்டுவிடுவது. மூட்டு வலி வந்த பூனையால் முதுகையும் வால் அடியையும் திரும்பி நக்கிச் சுத்தம் செய்ய முடியாது, பூச்சிக்கு அது வசதி. ஏராளமாக ஏறிவிட்டால் ரத்தம் குறைந்து சோகை வரும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு ரத்த அணு ஊறுவதே குறைவு. ஊறுவதே குறைவாக இருக்கும்போது உறிஞ்சவும் விட்டால் என்ன ஆகும்? ஈறு வெளிறியிருந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். வயது மட்டும் மருந்தைத் தவிர்க்கக் காரணமாகாது. நோய் இருந்தால் எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

அப்படிக் காட்டும்போது பழைய கதையெல்லாம் சொல்ல வேண்டும். குறிப்பாக, எப்போதாவது வலிப்பு வந்திருந்தால். ஃப்ளுராலனெர், லோட்டிலனெர், சரோலனெர் வகை மருந்துகள் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. பெரும்பாலான பூனைகளுக்கு இவை ஒத்துக்கொள்கின்றன. ஆனாலும் உடல்நிலை நிலையில்லாத பூனைக்கு ஃப்ளுராலனெர் போல மூன்று மாதம் வேலை செய்கிற மருந்து எனக்கு உவப்பில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடம்புக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. நிடென்பைரம் மாத்திரை அரை மணியில் வேலையைத் தொடங்கும், ஒரு நாளில் ஓய்ந்துவிடும். இப்படிப்பட்ட பூனைக்கு அதில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். தைராய்டு, ரத்த அழுத்த மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

கை வைத்தியம் பற்றி. வேப்பெண்ணெயைத் தடவினால் பூனை அதை நக்கி முழுவதும் வயிற்றுக்குள் தள்ளும். எச்சில் வழிவது முதல் நடுக்கம் வரை இதனால் வந்திருக்கிறது. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் எல்லாம் நஞ்சு. அந்துருண்டையும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'இயற்கை' என்று லேபிளில் இருப்பது பூனையின் கல்லீரலுக்குத் தெரியாது. மருந்தே வேண்டாம் என்றால் ஒரே வழி, நெருக்கமான பல் உள்ள தெள்ளுச் சீப்பு. தினமும் வாரி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். வயதான பூனைக்கு மருந்தோடு சேர்த்தும் இது நல்லது. சீப்பில் வரும் கருந்துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், கரையாவிட்டால் வெறும் அழுக்கு.

மருந்து விட்டதும் பூனை வாயில் நுரை தள்ளினால் பலர் பதறிவிடுகிறார்கள். பூனைக்கான மருந்து என்றால் அது பெரும்பாலும் கசப்புத்தான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ நடுக்கம் சேர்ந்தாலோ கதை வேறு. மண்டையோட்டின் அடியில், பிடரியில், ரோமத்தை விலக்கித் தோலில் விட்டால் நாக்கு எட்டாது.

மருந்து போட்ட பத்தாம் நாள் மறுபடி பூச்சியைப் பார்த்ததும் "வேலை செய்யலை" என்று வேறு கம்பெனி மருந்தை மேலே ஊற்றுவது கிழப்பூனைக்கு உண்மையிலேயே ஆபத்தானது. மருந்து பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பூனைமேல் இருப்பது மொத்தக் கூட்டத்தில் 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக பாயில், சோபா இடுக்கில், கட்டிலடியில் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளுக்கு 40 முட்டை வரை இடும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வு கேட்டால் வெளியே குதிக்கும். நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஓய்வு மாதமும் கிடையாது. பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் போடுங்கள், தரையை மூலை முடுக்கெல்லாம் தினமும் பெருக்குங்கள். வாக்யூம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் அதனதன் மருந்தை அதனதன் தேதியில் போடுங்கள். வீடு சுத்தமாக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகும் சீப்பில் கருந்துகள் வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் ராத்திரி மாடிப்படியில் சோறு தின்ன வருகிற தெருப்பூனையைக் கவனியுங்கள்.