மெயினுக்கு மேலே ஒரு வரி

திருகோணமலையில் மீன் வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்காகச் சி மொழியில் எடைக்கணக்கு நிரல் ஒன்று எழுதினேன். எடையையும் கிலோ விலையையும் பெருக்கித் தரும் 'விலை' என்ற சார்பு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி), நிரல் ஓடத் தொடங்கும் மெயின் சார்புக்குக் கீழே இருந்தது. தரவு வகைகள் முரண்படுவதாக, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அந்தச் சார்பின் முதல் வரியைக் காட்டியது. அந்த வரியிலோ குறையே இல்லை.

கம்பைலர் மேலிருந்து கீழாகவே படிக்கும். முன்பின் அறியாத சார்பை மெயினில் கண்டதும், அது முழு எண்ணையே தரும் என்று பழைய விதிப்படி எடுத்துக்கொள்கிறது. கீழே வந்து பார்த்தால் டபிள், அதாவது தசம எண் வகை! சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் அந்த விதியை நீக்கிவிட்டது. ஆனாலும் பழைய கம்பைலர்கள் அறியாத சார்பை எச்சரிக்கையோடு விட்டுவிடும். எச்சரிக்கைகளைத் தயவுசெய்து படியுங்கள்.

மெயினுக்கு மேலே 'டபிள் விலை(டபிள் எடை, டபிள் கிலோவிலை);' என்று அறிவித்தேன். இறுதியில் அரைப்புள்ளி கட்டாயம். 3.5 கிலோ பாரை மீனுக்கு இப்போது சரியான தொகை வருகிறது.