செய்யுள் என்ற சொல்லில் நாம் இடறும் இடங்கள்

பள்ளிப் பாடநூலில் உரைநடை ஒரு பகுதி, செய்யுள் இன்னொரு பகுதி. அப்படிப் படித்து வந்ததால் செய்யுள் என்றதும் மனப்பாடப் பாட்டும் எதுகை மோனையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அதே நினைப்போடு பழைய நூல்களைத் திறந்தால் பல இடங்களில் பொருள் தவறிப்போகும்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'உள்ளத்திலிருந்து செய்வதால் செய்யுள்' என்று சிலர் பிரித்துச் சொல்வார்கள். கேட்க அழகுதான், ஆனால் இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. 'செய்' வினைப்பகுதி, 'உள்' இங்கே வெறும் விகுதி, விக்கலைக் குறிக்கும் 'விக்குள்' என்பதில் வருவதைப் போல. செய்யப்படுவது செய்யுள், அவ்வளவுதான். "வல்லோர் அணிபெறச் செய்வன செய்யுள்" என்று நன்னூலும் அந்தச் 'செய்'யைத்தான் பிடித்துக்கொள்கிறது. புறநானூற்றின் 53ஆம் பாட்டில் பொருந்தில் இளங்கீரனார், கபிலரை "செறுத்த செய்யுட் செய்செந் நாவின்" என்று புகழ்கிறார். பல பொருளையும் உள்ளே அடக்கிய செய்யுளைச் செய்யும் செம்மையான நா என்று அதற்கு உரை சொல்வார்கள். செய்திறனுக்குத்தான் அங்கே மதிப்பு.

பெரிய தவறு, செய்யுளை உரைநடைக்கு எதிர்ச்சொல்லாக வைப்பது. தொல்காப்பியப் பாயிரம் "வழக்கும் செய்யுளும்" என்கிறது. ஆக, செய்யுளுக்கு இணையாக நிற்பது மக்கள் பேசும் வழக்கு, உரைநடை அல்ல. அந்நூலின் செய்யுளியலுக்குள் போனால் இது இன்னும் தெளிவாகும். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு நிலங்களை, அதாவது ஏழு வகைகளை, தொல்காப்பியர் அடுக்குகிறார். வாய்மொழி என்பது மந்திரம், பிசி விடுகதை, அங்கதம் வசை, முதுசொல் பழமொழி. "எழுநிலத்து எழுந்த செய்யுள்" என்று இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டு, இவற்றில் ஆறுக்கு அடிவரையறை இல்லை என்றும் சொல்கிறார். அடிக்கணக்கு பாட்டுக்கு மட்டும்தான். நம் பாட்டிமார் போட்ட விடுகதைக்குக்கூட அந்தப் பழைய இலக்கணத்தில் ஓர் இடம் இருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

உரை எங்கெல்லாம் வரும் என்று சொல்லும்போது அவர் முதலில் குறிப்பது பாட்டின் நடுவே வைக்கப்படும் உரையை. சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள பதிகம் அந்த நூலை "உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்" என்பது இந்த மரபில்தான். அப்புறம் இன்னொன்றும் அதே பதிகத்தில் கிடைக்கிறது: "நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்." முப்பது காதைகள் கொண்ட முழுக் காப்பியத்துக்கும் 'ஓர் செய்யுள்' என்றுதான் பெயர். எனவே செய்யுள் என்ற சொல்லைப் பார்த்ததும் நாலடிப் பாட்டு ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதைப் பிரித்தே காட்டுகிறது: தனியாக நிற்கும் ஒரு பாட்டு முத்தகம், காப்பியம் தொடர்நிலைச் செய்யுள்.

கடினமான சொல் இருந்தால்தான் செய்யுள் என்ற எண்ணமும் சரியல்ல. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்ற நான்கையும் "செய்யுள் ஈட்டச் சொல்லே", அதாவது செய்யுள் இயற்றப் பயன்படும் சொற்கள், என்கிறது தொல்காப்பியத்தின் எச்சவியல். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது எல்லோருக்கும் விளங்கும் இயற்சொல்.