புடவையும் பார்டரும் ஒரே சாம்பலாகிவிட்டால்

அத்தையின் வண்ணப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்ற உட்கார்ந்தேன். அவர் உடுத்தியிருந்த அரக்குச் சிவப்புப் பட்டுக்குக் கரும்பச்சை பார்டர். படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் டிசாச்சுரேட் (நிறத்தை நீக்குவது) கொடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. பார்டர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் முகம்தான் கெட்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. டிசாச்சுரேட்டில் உள்ள லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) முறை பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று எடை போடுகிறது. அரக்குச் சிவப்பும் அடர்ந்த பச்சையும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன.

சரி என்று கலர்ஸ் மெனுவில் டிசாச்சுரேட்டுக்குக் கீழே உள்ள மோனோ மிக்சரைத் திறந்தேன்; மூன்று நிறங்களுக்கும் எவ்வளவு எடை என்று நாமே வைக்கும் கருவி அது. சிவப்பு 0.8, பச்சை 0.2, நீலம் 0. புடவை வெளுத்தது, பார்டர் கறுத்தது, மடிப்புகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆனால் அத்தையின் உதடு தோலோடு கரைந்துவிட்டது. சிவப்பு சேனலில், அதாவது படத்தின் சிவப்பு அளவை மட்டும் வைத்திருக்கும் அடுக்கில், அப்படித்தான் ஆகும். சிவப்பை 0.6க்கு இறக்கி, பச்சையை 0.4க்கு ஏற்றியதும் உதடு திரும்பி வந்தது, பார்டரும் நின்றது. கூட்டுத்தொகை 1ஐ ஒட்டி இருந்தால் வெளிச்சம் பெரிதாக மாறாது.

நீலத்தை மட்டும் முகப் படங்களில் நான் ஏற்றுவதே இல்லை. தோலின் புள்ளிகளும் மொபைல் படத்தில் மணல்போலத் தெரியும் இரைச்சலும் அந்தச் சேனலில்தான் அதிகம்.