மின்நிலையச் செய்தியைப் படிப்பது எப்படி?

கூடங்குளம் அணுமின் நிலையம், கமுதி சோலார் மின்நிலையம் பற்றிச் செய்தி வந்தால் முதலில் மெகாவாட்டா, யூனிட்டா என்று பாருங்கள். மெகாவாட் என்பது திறன், அதாவது ஒரு நேரத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் தர முடியும் என்பது; யூனிட் என்பது மொத்தமாகக் கிடைத்த மின்சாரத்தின் அளவு. 1000 மெகாவாட் அணு உலை ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 10 லட்சம் யூனிட். அதே 1000 மெகாவாட் சோலார் என்றால் ராத்திரி, மேகம் எல்லாம் கழித்து ஆண்டு முழுக்கச் சேர்த்தால் எப்போதும் முழுத்திறனில் ஓடினால் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

அப்புறம், 'உலை நிறுத்தப்பட்டது' என்று வந்தால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கியதும், அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினை நின்றுவிடும், ஆனால் எரிபொருளுக்குள் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் தொடரும். நின்ற கணத்தில் அது முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன; பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்து, குளிர்விப்பு நின்றுபோனதால்தான் எரிபொருள் உருகியது. ஆகவே குளிர்விக்க மின்சாரம் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

கதிர்வீச்சுச் செய்தி என்றால் இரண்டு அளவுகள் வரும்: பெக்கரல் என்பது ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்பதைச் சொல்லும், சீவர்ட் உடம்புக்கு எவ்வளவு பாதிப்பு என்பதை. மில்லியா (ஆயிரத்தில் ஒன்று) மைக்ரோவா (பத்து லட்சத்தில் ஒன்று), மணிக்கா ஆண்டுக்கா என்பதையும் கட்டாயம் பாருங்கள். அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்கு நம் நாட்டில் வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.